பதில் தட்டு

நாள் 33. காலை 6.40. தவிட்டுக்காட்டுக்குக் கிழக்கே

காற்று உற்பத்தி சரி. தண்ணீர் சரி. வெளியே புழுதி லேசு. ஆறு ரிக் வண்டிகளும் குழாயில்.

எழுதுவது சென்னியம்மாள், தாய் வண்டியின் காற்று மெக்கானிக். நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது பயண விதி. யார் படிப்பார்கள் என்று விதியில் இல்லை. நீங்கள் யாராக இருந்தாலும் வணக்கம், சாப்பிட்டீர்களா?

நாங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் ஆட்கள். பூமியில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்களின் பேரன் பேத்திகள். செவ்வாயில் கீழ்க்குடி என்ற ஊரில் பனிக்கட்டிக்குத் துளை போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தோம். மேற்கே பொன்வயலில் பாறைக்குள் தங்கம் ஓடுகிறது, முதலில் எல்லைக்கல் நட்டவருக்கே நிலம் என்று செய்தி வந்தது. அப்புறம் ஊரில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. நாச்சிமுத்தண்ணன் தலைமையில் கிளம்பிவிட்டோம். என் தம்பி அர்த்தநாரியும் அவன் மனைவி தெய்வானையும் ஆறாவது வண்டியில் வருகிறார்கள். வண்டிக்கு ஒரு குடும்பம். என் வண்டியில் நான் மட்டும்.

எங்கள் முறையையும் சொல்லிவிடுகிறேன். இங்கே வெளிக்காற்றைச் சுவாசிக்க முடியாது. அதை உடைத்து நல்ல காற்றாக்கும் பெரிய எந்திரம் என் வண்டியில் இருக்கிறது. அதற்குள் அந்த உடைக்கிற வேலையைச் செய்யும் அடுக்குக்கு நாங்கள் வைத்த பெயர் ஈரல். முகாம் போட்டதும் ஆறு வண்டிகளும் என்னைச் சுற்றி நின்று குழாய் மாட்டிக்கொள்ளும். மாட்டும்போதும் கழற்றும்போதும் வண்டிச் சுவரில் மூன்று தட்டு. உள்ளே இருப்பவர் மூன்று தட்டுப் பதில் தர வேண்டும். பதில் வராமல் யாரும் யாருடைய குழாயையும் கழற்றக் கூடாது. ரேடியோ பொய் சொல்லும், தட்டு பொய் சொல்லாது என்பார் நாச்சிமுத்தண்ணன்.

இன்னொன்று, கன்னுக்குட்டிப் பொத்தான். ஓட்டும்போது அவ்வப்போதும், முகாமில் நின்றால் காலையிலும் ஓட்டுகிறவர் அதை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் ஆள் மயங்கிவிட்டார் என்று வண்டியே முடிவுகட்டி, வந்த தடத்திலேயே திரும்பித் தாய் வண்டியிடம் வந்து நின்றுவிடும். நேற்று அர்த்தநாரி கொட்டாவி விட்டுக்கொண்டு பொத்தானை மறந்துவிட்டான். வண்டி அவனைத் திருப்பிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தியது. தெய்வானை ரேடியோவில் வந்தாள்.

"அண்ணி, உங்க தம்பிய வண்டியே நம்ப மாட்டீங்குது. நான் மட்டும் எப்புடி நம்பறது, சொல்லுங்க?"

ஆறு வண்டியிலும் சிரிப்பு.

பின்னறையை ஒழுங்குபடுத்தினேன். மாற்று ஈரல் ஒன்றுதான், நீலப் பெட்டியில், நிமிர்ந்து நிற்கிறது. தீர்ந்துபோன சாமான் இருக்கும் பெட்டிகளைக் கவிழ்த்து வைப்பது என் வழக்கம். எழுதி ஒட்டுகிற வேலையெல்லாம் கிடையாது. இதை அர்த்தநாரிக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவான்.

நாள் 36. மாலை 4.15. தவிட்டுக்காடு

மணல் இல்லை இது, தவிடு. சக்கரம் பாதி உள்ளே போகிறது. பாரத்தைக் குறைத்தால்தான் நகர முடியும் என்று ஆனது.

எங்களுக்கு முன்னால் போனவர்களும் இங்கேதான் எறிந்திருக்கிறார்கள். வழியெல்லாம் கட்டில், பீரோ, தையல் மெஷின், யாரோ ஆசையாகத் தூக்கி வந்த கிரைண்டர். நாங்களும் எறிந்தோம். தெய்வானை சீர்வரிசைப் பாத்திரங்களைப் புழுதியில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு வந்தாள். நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வதுபோல மூடி போட்டு வைத்திருந்தாள்.

பிறகு நாச்சிமுத்தண்ணன் ரேடியோவில் சொன்னார்: "எல்லாரும் சின்னக் காத்து மிசினைக் கழட்டிப் போடுங்க. சென்னி அம்மிணி இருக்கறப்ப நமக்கு அது எதுக்குங்கறேன்? என்ற வண்டியில மட்டும் ஒண்ணு ஒரு துணைக்குக் கெடக்கட்டும்."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்? இனி எல்லோர் மூச்சும் என் கையில். பகலில் ஓட சிலிண்டர், நின்றால் என் குழாய். ஐந்து எந்திரங்களையும் நானே கழற்றிக் கொடுத்தேன். காற்று கெட்டால் அலறும் மணியும் அவற்றோடு போனது. நாச்சிமுத்தண்ணன் தன் எந்திரத்தின் மணியை மட்டும் கழற்றச் சொன்னார். தூசு பட்டாலே கத்தித் தூக்கத்தைக் கெடுக்கிறதாம். சிரித்துக்கொண்டே கழற்றினேன்.

நாள் 42. பகல் 1.30. ஆட்டுக்கொம்புக் கணவாயின் அடிவாரம்

தவிட்டுக்காடு முடிந்தது. எதிரே கணவாய். ஏறி இறங்கினால் பொன்வயல்.

ரிக் வண்டிகள் தாமாக ஏறிவிடும். தாய் வண்டி ஏறாது. இரண்டு வண்டிகளை முன்னால் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். ஒரு வாரம் பிடிக்கும். கீழ்க்குடியில் பூசணிக்காய் உடைத்தபோதே இதைப் பேசி, தாய் வண்டிக்குத்தான் முதல் எல்லைக்கல் என்று எல்லோரும் கையடித்துக் கொடுத்தார்கள். தாய் வண்டிக்காரி துளை போடப் போக முடியாது, காற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதற்குப் பதில் முதல் கல் அவளுக்கு. எல்லாப் பயணத்திலும் இதுதான் மரியாதை.

இன்று பொன்வயல் அலுவலகத்தின் அறிவிப்பு ரேடியோவில் வந்தது: "மிச்ச நிலம் கொஞ்சமே. புழுதிக் காலம் தொடங்கும் முன் கல் நடாதவர்கள் அடுத்த ஆண்டு வரவும்."

அதற்குப் பிறகு ரேடியோவில் பேச்சே இல்லை. எல்லோரும் களைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாள் 43. மாலை 3.30. அதே இடம்

காலையிலேயே புயல் வந்துவிட்டது. ஆறு வண்டிகளும் குழாயில். தட்டு, பதில் தட்டு, எல்லாம் ஒழுங்கு.

ஓடிக்கொண்டிருந்த ஈரலில் அழுத்தம் குறைந்தது. பார்த்தால் மயிரிழை விரிசல். புயல் நடுவில் அது பிளந்தால் எல்லோர் கதையும் முடிந்தது. யாரையும் பயமுறுத்தாமல் உடனே புது ஈரலை மாட்டினேன். பழையதை நீலப் பெட்டியில் வைத்து, மூடி, கவிழ்த்துவிட்டேன். பொன்வயலில் கொடுத்தால் உருக்கிக்கொள்வார்கள். காற்று இப்போது இன்னும் சுத்தம்.

மதியம் அர்த்தநாரி புயலில் குழாயைப் பிடித்துக்கொண்டே வந்தான். கொள்ளும் சோறும் போட்டேன். தலை நிமிராமல் சாப்பிட்டான். தெய்வானைக்கு எலுமிச்சை ஊறுகாய் வேண்டும் என்று பையோடு பின்னறைக்குப் போனான். கொஞ்சம் நேரமாயிற்று. ஊறுகாய் எங்கே இருக்கிறது என்று சத்தம் போட்டுச் சொன்னேன். திரும்பி வந்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சின்னப் பிள்ளையில் இடிச் சத்தம் கேட்டால் அப்படி நிற்பான். போடா, தெய்வானை தனியாக இருக்கிறாள் என்று விரட்டிவிட்டேன்.

நாள் 45. காலை 8.05. அதே இடம்

புயல் நின்றது.

ஆறு குழாய்களும் தரையில் கிடக்கின்றன. வண்டிகள் இல்லை.

தடம் கணவாய்ப் பக்கம் போகிறது. முதலில், யாரோ ஒருவர் மாட்டிக்கொண்டு எல்லோரும் உதவிக்குப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், நம்புங்கள். தட்டுச் சத்தம் எதுவும் கேட்கவில்லையே என்று புயலைத்தான் திட்டினேன்.

பிறகு குழாய் முனைகளைப் பார்த்தேன். மூடி போட்டு, தூசு புகாமல் துணி சுற்றி, இரட்டை முடிச்சு. இது நான் அர்த்தநாரிக்குச் சொல்லிக் கொடுத்த முடிச்சு. ஆறிலும் அவன் கைதான்.

கதவருகே அரிசி மூட்டைகள். எனக்குப் பல மாதம் வரும். ரேடியோவில் பதிவு செய்யப்பட்ட செய்தி ஒன்று காத்திருந்தது. நாச்சிமுத்தண்ணன் குரல்.

"அம்மிணி, கோவிச்சுக்காத. ஒரு வாரம் உன்னைய இழுத்துட்டு இருந்தா ஒருத்தருக்கும் நெலம் கெடைக்காது. நாங்க போயிக் கல்லு நட்டுட்டு, உனக்கும் ஒண்ணு நட்டுட்டு, வந்து கூட்டிட்டுப் போறோம். காத்துக்கு நீ கவலப்படாத, உன்ற மிசினு ஓடுது. எங்களுக்கு வேணுங்கறத நாங்க எடுத்துக்கிட்டோம். சோறு தண்ணி வெச்சிருக்குது. ஒடம்பப் பாத்துக்க கண்ணு."

கண்ணாம்.

ஆறு கடக்கிற வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. சொலவடை தெரியும். ஆற்றைக் கடப்பதற்குக்கூட இவர்கள் காத்திருக்கவில்லை.

நாள் 45. காலை 9.20

"வேணுங்கறத எடுத்துக்கிட்டோம்."

பின்னறைக்கு ஓடினேன். நீலப் பெட்டி இல்லை.

உட்கார்ந்து சிரித்தேன். வயிறு வலிக்கும்வரை சிரித்தேன். திருடியது தீர்ந்துபோன ஈரல்! கவிழ்த்துவைத்த பெட்டி! படிப்பது ராமாயணம் இடிப்பது பெருமாள் கோவில் என்று வாழ்கிற கூட்டத்துக்கு நல்லா வேணும் என்று வாய்விட்டே சொன்னேன்.

பிறகுதான் விரிசல் ஞாபகத்துக்கு வந்தது.

விரிசல் விட்ட ஈரல் உடனே நிற்காது. ஓடும். நல்ல காற்றோடு இன்னொரு வாயுவையும் சேர்த்து விடும். அதற்கு நிறமில்லை, வாசமில்லை. முதலில் தலைவலி, பிறகு நல்ல தூக்கம். நாச்சிமுத்தண்ணன் வண்டியில் இருக்கிற சின்ன எந்திரத்தில் அதை மாட்டி, முகாமில் ஆறு வண்டிக்கும் குழாய் போட்டுக்கொள்வார்கள். அதைக் கண்டு அலற ஒரு மணிகூட அவர்களிடம் இல்லை. மணிகளை நானே கழற்றினேன்.

நாள் 45. காலை 9.40

அழைத்தேன். "அந்த ஈரல மாட்டாதீங்க. அது பழசு. விரிசல் உட்டது. மாட்டாதீங்க."

பதில் இல்லை. பலகையில் ஆறு விளக்குகள் உண்டு. எந்த வண்டி ரேடியோவைத் திறந்து வைத்திருக்கிறதோ அதன் விளக்கு பச்சையாக எரியும். ஆறும் இருட்டு. பழுதில்லை. அணைத்துவிட்டார்கள். நான் அழுதால் கேட்கக் கூடாது என்று அணைத்துவிட்டார்கள்.

நாள் 45. மாலை 5.50

நாள் முழுக்க அழைத்தேன். தொண்டை போய்விட்டது. இப்போது பதிவு செய்து சுற்றவிட்டிருக்கிறேன். "மாட்டாதீங்க, மாட்டாதீங்க" என்று என் குரலே என் வண்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

வண்டியைக் கிளப்பிக் கணவாயில் ஏறப் பார்த்தேன். முதல் மேட்டிலேயே சறுக்கிப் பழைய இடத்துக்கே வந்துவிட்டேன். நடக்கலாம் என்றால் உடுப்புச் சிலிண்டர் பாதி மேட்டுக்குக்கூடக் காணாது. பெரிய எந்திரம், புது ஈரல், ஊருக்கே போதுமான காற்று, எல்லாம் என்னிடம் இருக்கிறது. சக்கரம் அவர்களிடம் இருக்கிறது.

கணவாயின் மேல் வளைவில் ஆறு புள்ளி வெளிச்சம் தெரிகிறது. முகாம் போடுகிறார்கள். சிவப்பு வாணம் விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆபத்து என்று அர்த்தம். பார்க்காமல் இருக்க முடியாது.

என்ன நினைப்பார்கள் என்று எனக்கே தெரிகிறது. அக்கா கெஞ்சுகிறாள் என்று நினைப்பார்கள்.

நாள் 46. காலை 7.15

ஆறாவது விளக்கு பச்சையானது. அர்த்தநாரி! நான் பொத்தானை அமுக்கும் முன்பே அவன் பேசத் தொடங்கிவிட்டான். ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாத ரேடியோ இது. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா... வாணத்தைப் பாத்தங்க்கா. விடாத, போதும். எனக்கு நெஞ்சு தாங்கல. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். தெய்வானையும் ரெண்டு நாளாச் சோறு திங்கல. காது குடுத்தா மனசு மாறிரும்னு அண்ணன் சொல்றாரு. வந்தர்றங்க்கா. சத்தியமா வந்தர்றேன். நீ திட்டறதக் கேக்க எனக்குத் தெம்பில்ல. தலை வேற விண்ணு விண்ணுங்குது..."

அணைத்துவிட்டான்.

நான் பொத்தானை அமுக்கிக் கத்தினேன். டேய், தலைவலின்னா அதுதான்டா, குழாயைக் கழட்டுடா, சிலிண்டரைத் திறடா, தெய்வானைய எழுப்புடா. அணைந்த விளக்கைப் பார்த்துக் கத்தினேன்.

நான் திட்டுவேன் என்று பயந்தானாம். ஆமாம், திட்டியிருப்பேன். முதலில் உயிரைக் காப்பாற்றிவிட்டு அப்புறம் திட்டியிருப்பேன். இத்தனை வருஷம் கூடப் பிறந்தவனுக்கு அது தெரியவில்லையா?

நாள் 46. பகல் 12 இருக்கும்

மேலே வண்டிகள் கிளம்பிவிட்டன. நகர்கிறார்கள் என்றால் விழித்திருக்கிறார்கள். ஓடும்போது சிலிண்டர், அதனால் கொஞ்சம் தெளிவார்கள். அடுத்த முகாமில் மறுபடி குழாய். மறுபடி அந்த ஈரல்.

வண்டியின் முன்விளக்குக் கண்ணாடியைப் பெயர்த்து வெளியே எடுத்து, கணவாயைப் பார்க்க வைத்து, வெயிலில் மின்ன விடுகிறேன். யாராவது ஒருவர் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒருவர் போதும்.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். காலையில் ஒரு நிமிடம், சாகட்டும் என்று தோன்றியது. முதுகில் குத்தியவர்களுக்கு நான் ஏன் தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்று தோன்றியது. குத்தியவன் என் தம்பி. அதனால்தான் அப்படித் தோன்றியது, அதனால்தான் கத்துகிறேன்.

நாள் 47

கணவாய்க்கு மேலே எதுவும் தெரியவில்லை. அந்தப் பக்கம் இறங்கியிருப்பார்கள். விளக்குகள் ஆறும் இருட்டு.

இந்நேரம் பொன்வயல் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அங்கே வைத்தியர் இருப்பார், நல்ல காற்று இருக்கும். சேர்ந்துவிட்டால் பிழைத்தார்கள். சேரட்டும் சாமி. எல்லைக்கல்லை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு நட வேண்டாம்.

சோறு ஆக்கவில்லை.

நாள் 48. மாலை 3.30

கணவாயில் புழுதி!

வருகிறார்கள். ஆறு வண்டி, எண்ணிவிட்டேன், ஆறும் இருக்கின்றன. திரும்பி வருகிறார்கள்!

மனசு கேட்கவில்லை, பார்த்தீர்களா? ரத்தம் சும்மா விடுமா? வரட்டும். நாச்சிமுத்து அண்ணனாவது ஆட்டுக்குட்டியாவது, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன். அர்த்தநாரிக்கு முதுகில் நாலு போடு. அப்புறம் எல்லோருக்கும் சோறு.

பெரிய குண்டானில் அரிசி போட்டுவிட்டேன். குழாய்களின் துணியை அவிழ்க்கிறேன். இரட்டை முடிச்சு, நல்லா இறுக்கிக் கட்டியிருக்கிறான் பயல்.

நாள் 48. மாலை 4.40

ரேடியோவில் கூப்பிட்டேன். விளக்கு ஒன்றும் எரியவில்லை. வெட்கமாக இருக்கும்.

மெதுவாக வருகிறார்கள். ஒரே வேகம். இறக்கத்திலும் அதே வேகம். நாச்சிமுத்தண்ணன் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவே மாட்டார், அவரை யாரும் முந்தியதே இல்லை.

முதலில் வருவது அர்த்தநாரியின் வண்டி. கடைசியில் போனது முதலில் வருகிறது. போன தடத்தில், சக்கரம் ஒரு விரல்கூட விலகாமல் வருகிறது.

நேராக வருகிறார்கள்.

ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் அப்படி வரமாட்டார்கள்.

நாள் 48. 5.10

ஆறும் வந்துவிட்டன. அவரவர் இடத்தில், குழாய் எட்டும் தூரத்தில் நின்றுவிட்டன. பொத்தான் அமுக்க ஆளில்லாத கன்னுக்குட்டிகள்.

கதவு எல்லாம் உள்தாழ். உள்ளே வெளிச்சம் எரிகிறது. அர்த்தநாரி வண்டியின் முன் கண்ணாடியில் ஊறுகாய் ஜாடி தெரிகிறது. ஸ்பூன் உள்ளே நிற்கிறது. அதற்கு மேல் பார்க்க நான் எக்கவில்லை.

ஆறு குழாயும் மாட்டிவிட்டேன். சுத்தக் காற்று, முழு அழுத்தத்தில். அந்த வாயுவைக் கழுவித் தள்ளும். சிலர் நேரம் கழித்துக்கூட எழுந்திருக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். படித்திருக்கிறேன்.

முதல் வண்டியில் மூன்று தட்டினேன். இரண்டாவதில் தட்டினேன். எல்லாவற்றிலும் தட்டினேன்.

நாள் 48

மறுபடி தட்டினேன். சுத்தியலால்.

அர்த்தநாரி, நான் திட்டலடா. தட்டு. ஒண்ணே ஒண்ணு தட்டு.

நாள் தெரியவில்லை

காற்று உற்பத்தி சரி. தண்ணீர் சரி. ஆறு ரிக் வண்டிகளும் குழாயில்.

இதைப் படிக்கிறவருக்கு: இங்கே வந்ததும் குழாய்களைப் பிடுங்கிவிடாதீர்கள். அவர்கள் என்னிடம் சொல்லாமல் கழற்றினார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். காலையில் மூன்று தட்டு, மாலையில் மூன்று தட்டு, ஆறு வண்டியிலும் தட்டிவிட்டுச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன். பதில் வராமல் கழற்றக் கூடாது. அதுதான் எங்கள் முறை.